பாதத்திலிருந்து பாருங்கள்

கணினியில் உருவாக்கிய பாத்திரம் திரையில் வந்தால் நம் கண் நேராக முகத்துக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்கள். பாதத்திலிருந்து தொடங்குங்கள். பாதம் தரையில் ஊன்றுகிறதா, வழுக்குகிறதா? ஊன்றிய கால் பக்கம் இடுப்பு சாய்கிறதா? அந்த உடம்புக்கு எடை உண்டு என்று மனம் ஒப்புக்கொண்டால்தான் அதன் கோபத்தையும் அழுகையையும் நம்புவோம்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் இரும்புக் கம்பிக் கட்டைத் தூக்கும் தொழிலாளியைக் கவனியுங்கள். கை கம்பியைத் தொடும் முன்பே முழங்கால் மடங்கும், இடுப்பு பின்னால் இறங்கும், மூச்சு நிற்கும். தூக்கிய பிறகு முதல் அடி சிறிதாக விழும். பாரம் எவ்வளவு என்பது அந்த அரை நொடியிலேயே நமக்குத் தெரிந்துவிடுகிறது. அனிமேஷன் கலைஞர் தொடக்கத்திலேயே கற்பவற்றில் இந்த முன்னசைவும் ஒன்று. அது இல்லாவிட்டால் திரையில் தூக்கும் பாறை தெர்மாகோல் ஆகிவிடும்.

மோஷன் கேப்சரில் நடிகரின் மூட்டுகளில் சிறு குமிழ்களைப் பொருத்தி, சுற்றிலும் கேமராக்கள் வைத்து அசைவைப் பதிவு செய்கிறார்கள். சென்னையின் பென்டாமீடியா பங்கேற்று 2000-ல் வெளிவந்த சிந்துபாத் படம், இந்த முறையில் எடுக்கப்பட்ட தொடக்ககால முழுநீளப் படங்களில் ஒன்று. பிறகு 2014-ல் சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கிய 'கோச்சடையான்' வந்தது. 2009-ல் மறைந்த நாகேஷையும் அதில் மீண்டும் நடமாட விட்டார்கள். அசைவு நிஜ மனிதருடையது என்றாலும், அவர் உயரம் வேறு, பாத்திரத்தின் உயரம் வேறு. பதிவானதை அப்படியே பொருத்தினால் கால் வழுக்கும், விரல்கள் மரத்துப்போகும். அதையெல்லாம் கலைஞர்கள் ஃபிரேம் ஃபிரேமாகச் சரிசெய்ய வேண்டும். 'கோச்சடையா'னில் தாண்டவம் எனக்குப் பிடித்தது; சாதாரணமாக நடக்கும் காட்சிகளில் எடை குறைகிறது. ஆனாலும் அந்தத் துணிச்சலை மதிக்கிறேன்.

தாண்டவம் என்றதும் திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காடு நினைவுக்கு வராமல் போகாது. காளியோடு போட்டியிட்டு ஈசன் ஆடியதாகச் சொல்லும் ரத்தின சபை அந்த ஊர்தான். அங்கிருந்து கிடைத்த சோழர் கால நடராஜர் இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். சுற்றித் திருவாசி இல்லை. உடம்பு மட்டுமே நம் முன்னால் நிற்கிறது. வலது முழங்கால் மடங்கி முழு எடையும் காலடியில் கிடக்கும் அசுரன் முயலகன் மேல் இறங்குகிறது. இடது கால் குறுக்கே எழ, இடது கை அதே திசையில் வீசுகிறது. முகத்தில் சலனமே இல்லை! அசையாத செம்பு ஆடுகிறது. பிரெஞ்சுச் சிற்பி ரோதான் புகைப்படங்களை மட்டும் பார்த்துவிட்டு இந்த நடராஜரைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரை 1921-ல் அச்சானது.

அடுத்த முறை கைப்பேசியில் அனிமேஷன் படம் பார்க்கும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு, பாத்திரத்தின் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொள்ளுங்கள். தோளும் முதுகும் கதையைச் சொல்கின்றனவா? சும்மா நிற்கும்போதும் மூச்சு ஓடுகிறதா? கிராமத்துத் தெருக்கூத்தைக் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே முகம் தெரியாது. புஜக்கட்டை கட்டிய தோள் குலுங்குவதிலேயே துரியோதனனை அடையாளம் கண்டுகொள்வோம்.

கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைக்கு மின்சார ரயில் இருக்கிறது. ஒருநாள் எழும்பூர் போய் அந்த நடராஜரின் முழங்காலைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.