வேஷம் கட்டினால் கையேந்து!

அக்டோபர் கடைசி வந்தால் பெங்களூரு அபார்ட்மென்ட்களில் பூசணிக்காய்க்குக் கண் மூக்கு முளைத்துவிடுகிறது. அந்தக் காற்று ஓசூரைத் தாண்டி, ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் உரசிக்கொண்டு நிற்கிற நம் வேப்பனப்பள்ளிக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?

அப்பாவுக்கு ஓசூர் கம்பெனியில் ஷிப்ட். லீவு போட்டு, குடும்பத்தோடு பிடதி வொண்டர்லாவுக்குப் போவதாக பிளான். பையன் உத்தரவு போடுகிறான்: “நான் டிராகுலா. நீ சூனியக்காரிம்மா. அப்பா எலும்புக்கூடு.”

“உங்கப்பாவுக்கு மேக்கப்பே வேணாம்டா!”

இந்தக் குடும்பம் கடைக்குப் போகாமல், வீட்டிலேயே வேஷம் தயாரித்தால் என் ஓட்டு அவர்களுக்கே. கம்பி ஒடிந்த கறுப்புக் குடையைப் பிரித்தால் வௌவால் சிறகு. சார்ட் பேப்பரில் எலும்பு வெட்டி, கறுப்பு பனியனில் ஒட்டினால் எலும்புக்கூடு. முகப் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்தால் பேய்க்களை. கடைவாயில் ஒழுகும் ரத்தத்துக்குக் குங்குமம். செலவு கம்மி. ஆனால் அம்மா தைக்க, அப்பா வெட்ட, பாட்டி “இது என்னடி கண்றாவி?” என்று கேட்டுக்கொண்டே ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க, மூன்று நாள் டி.வி. ஓடாது. எந்தக் கடை இதை விற்கும்?

கடை வேஷத்தின் லட்சணத்தை அமெரிக்கர்கள் எப்போதோ பார்த்துவிட்டார்கள். 1937-ல் நியூயார்க்கில் தொடங்கிய பென் கூப்பர் கம்பெனி, ஹாலோவீன் வேஷத்தை அட்டைப் பெட்டியில் போட்டு விற்றது. எலாஸ்டிக் வைத்த பிளாஸ்டிக் முகமூடி ஒன்று, மெல்லிய அங்கி ஒன்று. பல அங்கிகளில் அந்தப் பாத்திரத்தின் படமும் பெயருமே நெஞ்சில் அச்சாகியிருக்கும். “நான்தான் இன்னார்” என்று எழுதி ஒட்டிக்கொள்வதும் ஒரு வேஷமா, சொல்லுங்கள்!

சரி, வீட்டில் செய்த வேஷம் தீம் பார்க் வாசலுக்குப் போனால் என்ன ஆகும்? நம்மூர் தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்களில் “காஸ்ட்யூம் இருக்கா?” என்று கேட்டால் அர்த்தமே வேறு. நைலான் நீச்சல் உடை! இல்லாவிட்டால் தண்ணீரில் இறங்க முடியாது. டிராகுலா அங்கியைக் கழற்றி, டவுசருக்கு மாற வேண்டியதுதான். குங்குமம் போன இடம் தெரியாது.

அமெரிக்காவில் இதுவே பெரிய வியாபாரம். கலிபோர்னியாவின் நாட்ஸ் பெர்ரி ஃபார்ம் பூங்கா 1973-ல் ஹாலோவீன் விழாவை ஆரம்பித்தது. ஃப்ளோரிடாவின் டிஸ்னி வேர்ல்டில் 1995-ல் தொடங்கிய ஹாலோவீன் பார்ட்டிக்குத் தனி டிக்கெட். 14 வயதானவர்கள் முகமூடி போடக் கூடாது, யார் உடையும் தரையில் புரளக் கூடாது, நிஜ ஆயுதம் போலத் தெரியும் எதுவும் கூடாது. பாதுகாப்புக்காகத்தான், குறை சொல்ல மாட்டேன். என் குறை வேறு. டிக்கெட் வாங்கியவருக்கு மிட்டாய் கியாரண்டி. யாரிடமும் எதையும் கேட்கவே வேண்டாம்.

ஹாலோவீனின் உயிரே கேட்பதில்தான் இருந்தது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளை ஒட்டி, இடைக்கால இங்கிலாந்தில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபிப்பதாகச் சொல்லி, ஒரு சின்ன கேக் வாங்கிக்கொண்டார்கள். ஸ்காட்லாந்தில் வேஷம் கட்டிய பிள்ளைகள் ஒரு பாட்டாவது பாடினால்தான் ஆப்பிளோ கொட்டையோ கிடைக்கும்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு வேறோர் ஊர் ஞாபகம் வரவில்லையா? தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினம்! முத்தாரம்மன் கோயில் தசராவுக்கு விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளி, குரங்கு, குறத்தி, போலீஸ் என்று வேஷம் போடுகிறார்களே, அவர்கள் அப்படியே கோயிலுக்குப் போய்விடுவதில்லை. வீடு வீடாக, கடை கடையாகக் கையேந்தி, கிடைத்ததைக் கோயிலில் சேர்க்க வேண்டும். பங்களாக்காரரும் கையேந்துவார். வேஷத்துக்குள் இருக்கும்போது அந்தக் கைக்குக் கூச்சமில்லை. தருபவரும் எதிர்வீட்டு ஆசாமிக்குத் தருவதில்லை, காளிக்குத் தருகிறார். அதுவரை பேச்சுவார்த்தை இல்லாதவர்களாகக்கூட இருக்கலாம்!

வேஷத்தின் வேலையே இதுதான். நம் கௌரவத்தைக் கொஞ்ச நேரம் மறைத்து, அடுத்தவர் வாசலில் நம்மை நிறுத்துவது. தீம் பார்க் அழகாக வேஷத்தை வைத்துக்கொண்டு, வாசலை வெட்டிவிட்டது. நான் படித்த பி.காம். பாஷையில் சொன்னால், செலவுப் பக்கம் நிரம்பி வழிகிறது. வரவுப் பக்கத்தில் மனிதர்களே இல்லை.

“எங்க புள்ள எதுக்கு சார் பிச்சை எடுக்கணும்?” என்று முகம் சுளிப்பவர்கள் இருப்பீர்கள். நியாயம்தான். ஆனால் கேட்கவே தெரியாமல் வளர்கிற பிள்ளைக்குக் கொடுக்க மட்டும் எப்படித் தெரியும்? பணம் கட்டினால் கிடைக்கும் என்பதைச் சொல்லித்தர ஊரெல்லாம் கவுன்டர் இருக்கிறது. முகத்தைப் பார்த்துக் கேட்டால் கிடைக்கும் என்பதைத் தெருதான் சொல்லித்தர வேண்டும்.

அதனால் ஒரு யோசனை. பார்க்குக்குப் போங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் முதல் நாள் சாயங்காலமே வேஷத்தைக் கட்டி, சொந்தத் தெருவில் ஐந்து வீட்டுக்குப் போய் வாருங்கள். வேப்பனப்பள்ளியில் ஒரு வீட்டில் “யாருடா நீ?” என்பார்கள். அடுத்த வீட்டில் “எவருரா நுவ்வு?” அதற்கடுத்த வீட்டில் “யாரோ நீனு?” டிராகுலா மூன்று பாஷையிலும் பதில் சொல்லி, ஒரு பாட்டுப் பாடி, கை நீட்டட்டும். நாலு முறுக்கு, ஒரு அதிரசம் நிச்சயம்.

எந்தப் பூங்காவின் டிக்கெட்டிலும் அதிரசம் சேர்த்தியில்லை!