கூட்டத்தில் இல்லாதவர்

2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு கணக்கெடுப்பு வெளிவந்தது. புராஸ்டேட் சுரப்பிக்கு வெளியே பரவாத புற்றுநோய். நோயாளி இன்னும் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழக்கூடியவர். அவருக்கு எந்தச் சிகிச்சை நல்லது என்று சிறுநீரியல் அறுவை நிபுணர்களிடமும் கதிர்வீச்சுச் சிகிச்சை நிபுணர்களிடமும் கேட்டிருந்தார்கள். அறுவை நிபுணர்களில் 93 சதவீதம் பேர் அறுவையே சிறந்தது என்றார்கள். கதிர்வீச்சு நிபுணர்களில் 72 சதவீதம் பேர் கதிர்வீச்சும் அறுவைக்குச் சமம்தான் என்றார்கள். இரு தரப்பும் நேர்மையாகத்தான் பதில் சொன்னார்கள். அவரவர் கைக்குப் பழகிய கருவியின் வழியாகவே அவரவர் நோயைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பிரிட்டனில் 1,643 ஆண்களை அறுவை, கதிர்வீச்சு, உடனடிச் சிகிச்சையின்றிக் கண்காணித்தல் என்று மூன்று பிரிவாக்கி ஏறத்தாழ 15 ஆண்டுகள் பின்தொடர்ந்த புரோடெக்ட் ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. எந்தப் பிரிவை எடுத்துக்கொண்டாலும் புராஸ்டேட் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 3 சதவீதம் அல்லது அதற்கும் குறைவு. முதலில் எந்த மருத்துவரின் கதவைத் தட்டினார் என்பதே எத்தனையோ பேரின் சிகிச்சையைத் தீர்மானித்திருக்கிறது என்றுதான் இதிலிருந்து கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தத் தற்செயலை அகற்ற வந்த ஏற்பாடுதான் பல்துறைக் குழு. நம் மருத்துவமனைகளில் இதை ட்யூமர் போர்டு என்பார்கள். புற்றுநோய்க்குக் கத்தி ஒன்றே ஆயுதமாக இருந்த காலத்தில் அறுவை மருத்துவர் தனியாக முடிவெடுத்ததில் ஒரு நியாயம் இருந்தது. கதிர்வீச்சும் கீமோதெரபியும் ஹார்மோன் மருந்துகளும் வந்த பிறகு, எதைக் கொடுப்பது என்பதோடு எதை முதலில் கொடுப்பது என்பதும் உயிர் சார்ந்த கேள்வியாகிவிட்டது. அறுத்து எடுத்த பிறகு, முதலில் மருந்து கொடுத்துச் சுருக்கியிருக்கலாமே என்று வருந்தினால் அதைத் திருத்த வழியில்லை. இங்கிலாந்தில் 1995-இல் வெளிவந்த கால்மன்–ஹைன் அறிக்கை, சிதறிக் கிடந்த புற்றுநோய்ச் சேவைகளைச் சிறப்பு மையங்களாகவும் குழுக்களாகவும் ஒழுங்குபடுத்தச் சொன்னது. 2000-இல் வந்த தேசியத் திட்டம் அதை எல்லா நோயாளிகளுக்கும் விரித்தது. பிரான்ஸ் தன் முதல் புற்றுநோய்த் திட்டத்தின் வழியே, குறைந்தது மூன்று துறையினர் அமர்ந்து பேசுவதைக் கட்டாயமாக்கியது. பெரும்பாலும் வாரம் ஒரு நாள், ஒரே அறையில் அல்லது ஒரே திரையில், அறுவை நிபுணர், ஸ்கேன் படிக்கும் கதிரியல் நிபுணர், பயாப்ஸியை ஆராயும் நோய்க்கூறியல் நிபுணர், கதிர்வீச்சு, மருந்துச் சிகிச்சை நிபுணர்கள், சிறப்புச் செவிலியர் ஆகியோர் கூடி ஒவ்வொரு நோயாளியின் கோப்பாக எடுத்துப் பேசுகிறார்கள்.

இந்தக் கூட்டத்தால் என்ன பயன் என்பதற்கு மலக்குடல் புற்றுநோயைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. மலக்குடலைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. அந்த உறை கிழியாமல் குடலையும் சேர்த்து முழுதாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைகிறது என்பதை 1982-லிருந்து பில் ஹீல்ட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் காட்டி வந்தார். ஆனால் கட்டி உறையின் விளிம்பைத் தொட்டுவிட்டிருந்தால் எத்தனை தேர்ந்த கையும் ஓரத்தில் நோயை விட்டுவிட்டுத்தான் வெளிவரும். அந்த விளிம்பை எம்.ஆர்.ஐ. படம் அறுவைக்கு முன்பே காட்டிவிடும். தொட்டிருந்தால் முதலில் கதிர்வீச்சும் மருந்தும் கொடுத்துச் சுருக்கிவிட்டுப் பிறகு அறுக்கலாம். 2006-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்சிகிச்சை ஏதுமின்றி நேரடியாக அறுவை செய்துகொண்டவர்களை எடுத்துக்கொண்டது. படத்தைக் குழுவில் வைத்துப் பேசாமலே அறுக்கப்பட்ட 62 பேரில் 16 பேருக்கு வெட்டிய விளிம்பில் நோய் மிஞ்சியிருந்தது. பேசிய பின் அறுக்கப்பட்ட 116 பேரில் அப்படி மிஞ்சியது ஒருவருக்குத்தான். நோயாளிகளைச் சமமாகப் பகுத்துச் செய்த சோதனை இல்லை இது. பேசாமல் விடப்பட்டவர்களின் நோய் வேறு வகையில் கடினமானதாக இருந்திருக்கலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் இங்கே காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. எழுதிய அறிக்கை ஒன்று கைக்கு வருவது வேறு, படம் படித்தவர் திரையில் விரல் வைத்து 'இந்த இடத்தில் ஒட்டியிருக்கிறது' என்று அறுக்கப்போகிறவருக்குக் காட்டுவது வேறு. அறுவை முடிந்தபின் நோய்க்கூறியல் நிபுணர் அதே அறையில், அதே ஆட்கள் முன்னிலையில், விளிம்பு சுத்தமா இல்லையா என்று சொல்கிறார். தன் வேலையின் விளைவை இப்படி வாராவாரம் நேருக்கு நேர் கேட்கும் வாய்ப்பு மருத்துவத்தில் அரிது.

ஆயுளை நீட்டுகிறதா என்று கேட்டால் விடை அவ்வளவு நேராக வருவதில்லை. கிளாஸ்கோ வட்டாரத்தில் 1995-இல் மார்பகப் புற்றுநோய்க்குக் குழுமுறை வந்தது. 13,722 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டவர்கள் கண்டது இது: குழு வருவதற்கு முன் அந்த வட்டாரத்தில் மார்பகப் புற்றுநோய் இறப்பு, பக்கத்து வட்டாரங்களைவிட 11 சதவீதம் அதிகம், வந்த பின் 18 சதவீதம் குறைவு. கேட்டதும் மனம் நிறைகிறது. ஆனால் மறு ஆண்டே அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையின் 138 மருத்துவமனைகளை ஆராய்ந்தவர்கள், ட்யூமர் போர்டு இருப்பதற்கும் சிகிச்சைத் தரம் அல்லது ஆயுளுக்கும் பெரிதாகத் தொடர்பு இல்லை என்று எழுதினார்கள். இரண்டும் மோதுவதாகத் தோன்றினாலும் அவை அளந்தது ஒன்றையல்ல. அமெரிக்க ஆய்வு, போர்டு இருக்கிறதா இல்லையா என்று பார்த்தது. எந்த நோயாளியைப் பற்றி அங்கே பேசினார்கள், பேசியது நடந்ததா என்று பார்க்கவில்லை. கிளாஸ்கோவில் குழுவோடு சேர்ந்து சிறப்புப் பயிற்சி பெற்ற அறுவை நிபுணர்களும் எழுதிவைத்த நெறிமுறைகளும் வந்தன. பலன் முழுவதையும் கூட்டத்தின் கணக்கில் எழுத முடியாது. இந்த வகை ஆய்வுகளில் இன்னொரு பொறியும் உண்டு. குழுவின் முன் கோப்பு வருவதற்குள் இறந்துவிடுகிறவர்கள் 'பேசப்படாதவர்கள்' பக்கத்தில் எண்ணப்படுவதால், பேசப்பட்டவர்கள் நெடுநாள் வாழ்ந்ததாகக் கணக்கு காட்டும். இவற்றையெல்லாம் எடைபோட்டால் என் முடிவு இதுதான்: நாற்காலிகளைச் சுற்றிப் போட்டுவிட்டால் உயிர் பிழைக்காது, அந்த நாற்காலிகளிலிருந்து புதிதாக ஒரு செய்தி வெளிவந்து, திட்டம் அதனால் மாறினால்தான் பயன். மாறுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. 2016-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், குழுவில் பேசப்பட்டவர்களில் 4 முதல் 45 சதவீதம் பேருக்கு நோயறிதல் அறிக்கையே மாறியிருந்தது. அந்த எண்களின் அகலமே, குழுவுக்குக் குழு எவ்வளவு வேறுபாடு என்பதைச் சொல்கிறது.

குறைகளில் முதலாவது நேரம். பிரிட்டனின் புற்றுநோய் ஆய்வு அறக்கட்டளை சார்பில் கூட்டங்களை நேரில் கவனித்து 2017-இல் வந்த அறிக்கைப்படி, ஒரு நோயாளிக்குக் கிடைத்த சராசரி நேரம் 3.2 நிமிடம். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. சில கூட்டங்கள் ஐந்து மணி நேரம் வரை நீண்டன. எல்லா நோயாளிகளையும் பேசியே தீர வேண்டும் என்ற விதியால் வந்தது இது. நெறிமுறையில் ஒரே பதில் எழுதியிருக்கும் எளிய நிலைக்கும், எந்த நூலிலும் பதில் இல்லாத சிக்கலுக்கும் ஒரே வரிசை. ஐந்தாவது மணி நேரத்தில் வரும் கோப்பு முதல் மணி நேரத்துக் கோப்பின் கவனத்தைப் பெறும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? எளியவற்றை விலக்கிவிட்டுக் கடினமானவற்றுக்கு நேரம் கொடுக்கலாமே என்றால், கடுமையான ஒரு மறுப்பு எழுகிறது: எது எளியது என்று தீர்மானிப்பது யார்? பழையபடி தனி மருத்துவரே தனக்கு வசதியான கோப்பை எளியது என்று ஒதுக்கிவிட்டால், முதல் கதவைத் தட்டியவரின் கதை திரும்பவும் தொடங்கிவிடாதா? இந்த அச்சம் நியாயமானது. எல்லோரையும் பேசு என்ற விதி பிறந்ததே இதனால்தான். இங்கிலாந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதற்குத் தரும் விடை எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. எந்த நிலைக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குழு முன்கூட்டியே கூடி எழுதிவைக்கிறது. அதில் முழுமையாகப் பொருந்துகிறவர்களின் பெயர் மட்டும் பட்டியலில் வரும்; நீண்ட விவாதம் வேண்டியதில்லை. அதோடு நான் ஒன்று சேர்ப்பேன்: பட்டியலிலுள்ள எந்தப் பெயரையும் குழுவில் யார் வேண்டுமானாலும், செவிலியர் உட்பட, காரணம் சொல்லாமலே விவாதத்துக்கு இழுக்கும் உரிமை இருக்க வேண்டும்.

இரண்டாவது குறை ஆழமானது. நேரத்தைக் கூட்டினால் மட்டும் அது தீராது. யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அவர் அந்த அறையில் இல்லை. பிரிஸ்டல் நகரின் உணவுக்குழாய், இரைப்பைப் புற்றுநோய்க் குழுவின் 273 முடிவுகளைப் பின்தொடர்ந்து 2006-இல் எழுதிய ஆய்வில் 41 முடிவுகள் நடைமுறைக்கு வரவே இல்லை. அவற்றில் 18 முடிவுகள் நோயாளிக்கிருந்த வேறு உடல்நலக் கோளாறுகளால் நின்றன. 14 முடிவுகளை நோயாளியின் விருப்பம் மாற்றியது. கடைசியில் கொடுத்த சிகிச்சை பெரும்பாலும் குழு சொன்னதைவிட மென்மையானதாக இருந்தது. இங்கிலாந்தில் இத்தகைய கூட்டங்களை உட்கார்ந்து கவனித்த ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதுவதும் இதையே: ஸ்கேனும் பயாப்ஸியும் நன்றாக முன்வைக்கப்படுகின்றன; அந்த மனிதரின் பிற நோய்கள், வீட்டு நிலைமை, விருப்பம் ஆகியவை அரைகுறையாக வருகின்றன அல்லது வருவதே இல்லை. இவற்றை அறிந்த செவிலியர் அறையில் இருந்தும் அதிகம் பேசுவதில்லை. கட்டியின் அளவை மில்லிமீட்டரில் சொல்ல முடிகிற ஓர் அவையில், 'அவருக்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது' என்ற வாக்கியம் ஏனோ சிறியதாகத் தெரிகிறது. ஆனால் அறுவையைத் தாங்குவாரா என்பதற்கு அதைவிட முக்கியமான தகவல் வேறு இல்லாமலும் போகலாம்.

நம் நாட்டில் இது இன்னும் கூர்மையாகும். 2018-இல் தொடங்கிய பிரதமரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பல்துறைக் குழுவின் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. மருத்துவமனையில் குழு இல்லையென்றால் அருகிலுள்ள மண்டல மையத்தின் குழுவிடம் பெற வேண்டும். தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் அதனோடு இணைந்தே நடக்கிறது. விதி நல்லது. ஆனால் பணம் விடுவிக்கும் படிவத்தோடு கட்டப்பட்ட எந்த ஆலோசனைக்கும் வெறும் கையெழுத்தாகச் சுருங்கிவிடும் ஆபத்து உண்டு. மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். மார்பை முழுதும் எடுக்காமல் கட்டியை மட்டும் எடுக்கும் அறுவை, உரிய நிலையில், ஆயுளில் எந்தக் குறையும் வைப்பதில்லை என்று 1980-களிலேயே நிறுவப்பட்டுவிட்டது. ஆனால் பொதுவாக அதன் பின் சில வாரங்கள், வாரத்தில் ஐந்து நாள், கதிர்வீச்சுக்கு வர வேண்டும். கூலி வேலைக்குப் போகும் பெண், கதிர்வீச்சு இயந்திரம் இல்லாத மாவட்டத்திலிருந்து வருகிறவர், துணைக்கு வர ஆளில்லாதவர் என்றால், திரையில் அழகாகத் தெரியும் அந்தத் திட்டம் பாதியில் நின்று, மார்பை முழுதும் எடுத்திருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடப் பெரிய ஆபத்தில் அவரை விட்டுவிடும். அதற்காக ஏழைப் பெண் என்றாலே மார்பை எடுத்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு கட்டுவதும் அதே அளவு தவறு. தங்க இடமும் பயணச் செலவும் ஏற்பாடு செய்ய முடியுமா என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். இங்கே இன்னொரு திரையும் உண்டு. நோயின் பெயரை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள் என்று பிள்ளைகள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நம் வீடுகளில் அன்பின் வழக்கம். அதன் விளைவாக, நோயாளியின் விருப்பம் என்று குழுவுக்கு வந்து சேர்வது பல நேரம் மகனின் விருப்பமாகவே இருக்கும்.

பத்துப் பேர் சேர்ந்து எடுத்த முடிவுக்கு யார் பொறுப்பு என்று சிலர் கேட்கிறார்கள். மூத்தவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு எல்லோரும் எழுந்து போனால், தனி மருத்துவரின் தவறு குழுவின் அங்கீகாரத்தோடு இன்னும் பலமாகிவிடாதா? ஆகலாம். அதனால்தான் குழு சொல்வதைத் தீர்ப்பாகக் கொள்ளக் கூடாது என்கிறேன். அது பரிந்துரை. நோயாளியோடு நேரில் உட்கார்ந்து பேசி முடிவுக்கு வருகிற மருத்துவரின் பொறுப்பு அதனால் இம்மியும் குறையாது. அப்படியானால் நோயாளியையே அறைக்குள் அழைத்துவிடலாமே என்று கேட்கத் தோன்றும். நான் அதை வற்புறுத்த மாட்டேன். தன் உடம்பின் படத்தைச் சுற்றி அறிமுகமில்லாத நிபுணர்கள் கலைச்சொற்களில் முரண்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தாங்கக்கூடியதாக இருக்காது. அவர் இருந்தால் மருத்துவர்களும் மனம்விட்டுச் சந்தேகத்தைச் சொல்லத் தயங்குவார்கள். அவருடைய இடத்தில் இருக்க வேண்டியவர், அவரைப் பார்த்துப் பேசிய ஒருவர். அவரைச் சந்தித்த யாருமே அறையில் இல்லையென்றால், நோய் அவசரப்படுத்தாத வரை, அந்தக் கோப்பை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைப்பதே மேல். ஒரு வாரத் தாமதம் பெரிதல்லவா என்றால், நடக்க முடியாத திட்டத்தைப் போட்டுவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவதில் ஆகும் தாமதம் அதைவிடச் சிறியதல்ல.

பிரிஸ்டலில் நிறைவேறாத 41 முடிவுகளில் 32, பிற நோயும் சொந்த விருப்பமும் காரணமாக நின்றவை. கூட்டத்துக்கு முன்பே ஒருவர் அந்த நோயாளிகளின் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து கேட்டிருந்தால் இவற்றில் பெரும்பகுதியை அறிந்திருக்கலாம். ஸ்கேன் திரையில் வருமுன் நான்கு வரிகள் படிக்கப்படட்டும்: இவரைச் சந்தித்தது யார், இவரால் அன்றாடம் என்ன செய்ய முடிகிறது, எதற்கு அஞ்சுகிறார், எதை வேண்டாம் என்பார். முதல் திட்டத்தோடு, அவர் அதை மறுத்தாலோ உடல் தாங்காவிட்டாலோ அடுத்தது என்ன என்பதும் அதே குறிப்பேட்டில் அன்றே எழுதப்படட்டும். நிறைவேறாமல் போன முடிவு எதுவாயினும், அதன் காரணத்தோடு அடுத்த கூட்டத்தின் முதல் கோப்பாக மேசைக்குத் திரும்பி வரட்டும்.