சாமியாரிடம் சொல்லியாயிற்று, பக்கத்து வீட்டில் சொன்னோமா?

கடவுளின் அருளைப் பெற என்ன செய்ய வேண்டும் என்று திண்டுக்கல் பக்கத்துக் கத்தோலிக்கப் பெரியவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "பாவசங்கீர்த்தனம் பண்ணி நன்மை வாங்கணும்" என்பார். படித்த பிள்ளைகள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறும் முன்னதை ஒப்புரவு என்றும், பின்னதை நற்கருணை என்றும் சொல்வார்கள். இந்தப் பதிலில் கடவுள் இருக்கிறார், சாமியார் இருக்கிறார், நான் இருக்கிறேன். நான் யாருக்குத் தீங்கு செய்தேனோ அவர் மட்டும் இல்லை.

மத்தேயு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் இயேசு சொல்லும் வரிசையே வேறு. காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகிவிட்டு வர வேண்டும். 18ஆம் அதிகாரத்து உவமையில், பதினாயிரம் தாலந்து கடன் தள்ளுபடியான ஒருவன், தனக்கு நூறு தெனாரியம் தர வேண்டியவனின் கழுத்தைப் பிடிக்கிறான். கிடைத்த தள்ளுபடியும் பறிபோகிறது. மேலிருந்து வந்த மன்னிப்பு பக்கத்திலிருப்பவனுக்குப் போய்ச் சேராவிட்டால் நம்மிடமும் தங்காது என்பது இரண்டிலும் பொது.

ஆனாலும் பாவசங்கீர்த்தனத்தை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. 1215இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் வருடத்துக்கு ஒரு முறையாவது இதைச் செய்தாக வேண்டும் என்று கட்டாயமாக்கியது. இன்றும் தவக்காலத்தின் கடைசி வாரங்களில் பக்கத்துப் பங்குகளிலிருந்து நாலைந்து சாமியார்கள் வந்து உட்காருவார்கள். பீடத்தின் ஓரத்தில் ஒருவர், மாதா கெபி அருகில் ஒருவர், வராந்தாவில் ஒருவர் என்று ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலி. சொந்தப் பங்குச் சாமியாரிடம் வரிசை குட்டையாகவும், முகம் தெரியாத வெளியூர்ச் சாமியாரிடம் நீளமாகவும் இருக்கும். மில்லில் ஷிப்டு முடித்து வந்த பெண்ணும் வட்டிக்கு விடுபவரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தரையில் முழங்கால் போடுகிறார்கள். கட்டணம் கிடையாது. சொன்னது வெளியே போகாது என்ற உறுதி உண்டு. மனநல ஆலோசகர் என்ற சொல்லே எட்டாத ஊர்களில், வெட்கப்பட வேண்டிய ஒன்றை வாய்விட்டுச் சொல்ல வேறு இடம் எங்கே இருக்கிறது?

சீர்திருத்தச் சபைகளோடு ஒப்பிட்டால் இதன் வலு தெரியும். திண்டுக்கல்லில் 1835 முதல் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷனின் வழிவந்த சி.எஸ்.ஐ. ஆலயங்களில் பாவ அறிக்கையைச் சபையார் சேர்ந்து சொல்கிறார்கள். அழகான வழிபாடுதான். ஆனால் அங்கே, "குடித்துவிட்டு மகளை அடித்தேன்" என்று யாரும் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை. பாவசங்கீர்த்தனம் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

குறை தொடங்குவது சாமியார் கொடுக்கும் அபராதத்தில். மூன்று அருள்நிறை மந்திரம், ஒரு பரலோக மந்திரம். வரப்பை ஒரு முழம் தள்ளிப் போட்டவருக்கும் அதே, பூப்பறித்த கூலியில் பிடித்தம் செய்தவருக்கும் அதே. முழங்காலிலேயே சொல்லி முடித்துவிட்டு, லேசான மனதோடு வீட்டுக்குப் போகலாம். வரப்பு தள்ளின இடத்திலேயே இருக்கும். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வியே சொல்கிறது. நற்செய்தியில் வரும் வரிவசூலிப்பவன் சக்கேயு, ஏமாற்றி வாங்கியதை நான்கு மடங்காகத் தருகிறேன் என்றான். போதனையில் ஓட்டை இல்லை. ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று நகரும் வரிசையில் அதை விசாரிக்க அவகாசம் இல்லை, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஊராகச் சேர்ந்து செய்யும் பாவத்தில் இருக்கிறது. "நான்" என்று தொடங்கும் அறிக்கையில் "நாங்கள்" நுழைவதே இல்லை. திண்டுக்கல் சமவெளி சேசு சபையின் பழைய மதுரை மிஷனின் நிலம். அக்காலத்துச் சேசு சபைக் குருக்களில் பலர், சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் போய் இறுதி அருட்சாதனம் கொடுக்கத் தயங்கினார்கள். உள்ளே போனால் மேல்சாதியார் தங்களை ஒதுக்கிவிடுவார்கள் என்ற பயம். 1704இல் பாப்பிறைத் தூதர் தூர்னோன் புதுச்சேரியில் பிறப்பித்த ஆணை, அந்த வீடுகளுக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்றது. வழக்கு இழுபட்டு, 1744இல் பாப்பிறை பதினான்காம் பெனடிக்ட் மறுபடியும் ஓர் ஆணை போட வேண்டியிருந்தது. அருளை எடுத்துச் செல்ல வந்தவர்களே வாசற்படியில் நின்றார்கள்.

அது பழங்கதை என்று சொல்ல வழியில்லை. 2003இல் தனி மறைமாவட்டம் ஆகும்வரை திண்டுக்கல் இருந்தது திருச்சி மறைமாவட்டத்தில். அந்தத் திருச்சியின் மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் சாதியைப் பிரிக்க எழுப்பிய சுவர் ஊரறிந்தது. 2008 மார்ச்சில் விழுப்புரம் பகுதி எறையூரில், ஒரே மாதாவைக் கும்பிடும் இரண்டு சாதிக் கிறிஸ்தவர்கள் மோதிக்கொண்டார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை இந்திய ஆயர் பேரவை 2016இல் வெளியிட்ட தலித் கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. இத்தனைக்கும் நடுவில் பாவசங்கீர்த்தன வரிசை வருடா வருடம் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. சுவர் கட்டியது என் பாவம் என்று அந்த வரிசையில் எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்?

பூசையில் சமாதானம் பகிரும் இடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1969இல் உரோமை ஒப்புதல் அளித்த பண்பாட்டுத் தழுவல்களில், கைகூப்பிச் சமாதானம் சொல்வதும் ஒன்று. நம் மண்ணுக்கு இசைந்த, மரியாதையான வழக்கம். ஆனால் யாரையும் தொடாமல் சமாதானம் சொல்லி முடித்துவிட வசதியாகவும் அது அமைந்துவிட்டது. அதற்கு, திண்டுக்கல் முத்தழகுபட்டியின் செபஸ்தியார் திருவிழா எனக்குப் பிடித்த பதில். நேர்ச்சையாக வந்த ஆடுகளும் கோழிகளும் பெரிய பெரிய பாத்திரங்களில் வெந்து, சாதி மதம் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் சோறாகின்றன. அந்த இரவில் இருக்கும் ஒப்புரவு பல மந்திரங்களில் இல்லை.

பெண்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் குறை தலைகீழாகிறது. அடிக்கும் கணவனைப் பற்றிச் சொல்ல வந்தவளுக்கு, "பொறுத்துப் போம்மா, மன்னிச்சிரு" என்பதே அறிவுரையானால், தீங்கு செய்தவனுக்கு அபராதம் இல்லை, தீங்குபட்டவளுக்கு உண்டு என்றாகிறது. 2018இல் கேரளத்தில் ஒரு பெண்ணின் பாவசங்கீர்த்தனத்தை வைத்து மிரட்டியதாக மலங்கரை ஆர்த்தடாக்ஸ் குருக்கள் நால்வர்மேல் புகார் எழுந்தபோது, தேசிய மகளிர் ஆணையம் இந்தப் பழக்கத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. ஆயர்கள் எதிர்த்தார்கள். தடை தீர்வல்ல என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் எதிர்ப்பைத் தெரிவித்த வேகத்தில் பாதியாவது, மன்னிப்பின் பெயரால் பெண்ணிடம் கேட்கப்படுவது என்ன என்ற விசாரணையில் இருந்திருக்கலாம்.

மன்னிப்பு எப்போது அருளாகிறது என்பதற்கு அருட்சகோதரி ராணி மரியாவின் கதையைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏழைகளைத் திரட்டியதற்காக 1995 பிப்ரவரி 25 அன்று அவரைப் பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொன்றார் சமுந்தர் சிங். வழக்கு நடந்தது, தண்டனை கிடைத்தது. 2002இல் ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறைக்கே போய்ச் சமுந்தர் சிங்கின் கையில் ராக்கி கட்டினார். விடுதலையான பின் அவர் கேரளத்துக்குப் போய் அந்தக் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கேட்டார். இங்கே நீதியும் விலக்கப்படவில்லை, உண்மையும் மறைக்கப்படவில்லை. இரு தரப்பும் ஒருவர் வாசலுக்கு ஒருவர் போனார்கள்.

நம் பங்குகளில் தெருத் தெருவாக அன்பியங்கள் இருக்கின்றன. சில பத்துக் குடும்பங்கள் கூடி வேதம் வாசித்து, ஜெபித்துக் கலைகின்றன. தவக்காலத்தில் ஒரு கூட்டத்தையாவது வேலித் தகராறு, பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பி, கொடுக்காத கூலி ஆகியவற்றைத் தீர்க்க ஒதுக்குங்கள். அதன்பின் சாமியாரிடம் வரிசையில் நில்லுங்கள். பங்குச் சாமியார்களுக்கும் ஒரு விண்ணப்பம்: மந்திரம் சொல்லச் சொல்வதற்கு முன், "அவரிடம் போனீர்களா?" என்று கேளுங்கள். போகவில்லை என்றால் அதையே அபராதமாகக் கொடுங்கள். இதற்குப் புது அனுமதி எதுவும் தேவையில்லை. 1973இல் வந்த ஒப்புரவுச் சடங்கு நூலே, அபராதம் ஜெபமாக மட்டுமின்றி, குறிப்பாக அயலாருக்குச் செய்யும் பணியாகவும் இருக்கலாம் என்கிறது.