பேர்லாகேயின் வணிகமன்றம்

ஒல்லாந்து நாட்டின் அம்ஸ்ரர்டாம் நகரிலே 1903ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற வணிகமன்றம், பேர்லாகே என்னும் கட்டடக் கலைஞரின் தலையாய ஆக்கமாகும். செங்கல்லைச் சாந்தால் மூடாமலும், பெருமண்டபத்தின் கூரையைத் தாங்கும் இரும்பு வளைவுகளை மறையாமலும் அவர் விட்டமை நோக்கத்தக்கது. தாங்குவது எதுவோ அதனைக் காட்டுதலே அழகு என்பது அவர் துணிபு. சமதர்மக் கொள்கையினராகிய அவர், வணிகர் ஆட்சி ஓயுங் காலத்தில் அம்மன்றம் பொதுமக்களுக்கு உரியதாகும் எனக் கருதியே அதனை வகுத்தார்.

வணிகர் நீங்கினர். மண்டபம் இசையரங்காகவும் கண்காட்சிக் கூடமாகவும் பயன்பட்டபோது அவர் கருத்து ஒருவாறு கைகூடிற்று எனலாம். இன்றோ அது மாநாடு, விருந்து முதலியவற்றுக்கு வாடகைக்கு விடப்படும் இடம். 2002ஆம் ஆண்டு இளவரசர் வில்லெம் அலெக்சாந்தரின் பதிவுத் திருமணமும் அங்கேயே நிகழ்ந்தது. சமதர்மியின் செங்கற்சுவர் அரசகுலத்தார்க்கு உவந்தமை விந்தையே!

இடிபடாது நின்றதே போதும் என்பாருளர். அது சிறிதன்று; பேணுதற்குப் பொருள் வேண்டும், வாடகை அதனைத் தருகின்றது. ஆயினும், கட்டடத்தைக் காத்தோர் அதன் கருத்தையுங் காத்தனர் என்று கூற யாம் துணியோம். கவிஞர் வெர்வே இக்கட்டடத்திற்கென்றே யாத்த செய்யுள்கள் சுவர்களிலே பொறிக்கப்பட்டுள்ளன. விருந்து நாளிலே பெருமண்டபத்துட் புகுவோர் அழைப்பிதழ் பெற்றோர் மட்டுமே.