தோற்றுக் கொடுக்கும் ஆசான்

ஜப்பானின் பழைய வாள் பள்ளி ஒன்றின் பயிற்சியை முதன்முறை பார்ப்பவர்கள் குழம்பிப்போவார்கள். நரைத்த தலையர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் மரவாள்களோடு எதிரெதிரே நிற்பார்கள். முன்பே வகுத்த வரிசைப்படி வாள்கள் மோதும். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் வெட்டுப்படுபவர் பெரியவர்தான். தாக்கித் தோற்கும் அந்தப் பங்குக்கு 'உச்சிதாச்சி' என்று பெயர். வெல்லும் பங்கு 'ஷிதாச்சி'. அது மாணவனுக்கு உரியது. எவ்வளவு தொலைவில், எந்தக் கணத்தில், எத்தனை வேகத்தில் வெட்டை இறக்கினால் மாணவன் மிரளாமலும் அசட்டையாகாமலும் கற்பான் என்று அறிந்தவரே தோற்கும் பங்கை ஏற்க முடியும். இப்படி இருவர் சேர்ந்து செய்யும் வரிசைதான் கட்டா. ஜப்பானியத் தற்காப்புக் கலைகளின் உயிர் இந்த ஏற்பாட்டில் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

டோக்கியோவுக்குக் கிழக்கே சிபா மாகாணத்தில் கத்தோரி கோயில் இருக்கிறது. அதன் பெயரைத் தாங்கிய கத்தோரி ஷிந்தோ ரியூ என்ற வாள் பள்ளியை 15ஆம் நூற்றாண்டில் இயிசாசா சோயிசாய் தொடங்கினார். 'ரியூ' என்றால் ஓட்டம், வழிவழி வருவது. வாள், குறுவாள், இரட்டை வாள், கோல், ஈட்டி, நீண்ட காம்பில் வளைந்த அலகு பொருத்திய நாகினாத்தா எல்லாம் இங்கே பாடம். போட்டி கிடையாது, கற்பதெல்லாம் கட்டா வழியேதான். சேர விரும்புபவர் விரல் இரத்தம் இட்டு உறுதிமொழி தரும் வழக்கம் உண்டு. சிபா மாகாணம் 1960இல் இந்த மரபைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது.

1868இல் நடந்த மெய்ஜி ஆட்சி மாற்றத்துக்கு முந்திய பள்ளிகளைக் 'கோரியூ' என்றும், பிந்தியவற்றைக் 'கெண்டாய் பூதோ' என்றும் பிரிப்பது வழக்கம். 1876இல் வாள் தரித்து வெளியே வருவதும் தடை செய்யப்பட்டது. ஆனால் இந்தப் பழையது, புதியது என்ற பிரிவினையை மிகைப்படுத்தக் கூடாது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மூங்கில் வாளும் தலைக்கவசமும் கொண்டு தடையின்றி அடித்துப் பழகும் முறை பரவத் தொடங்கிவிட்டது. கட்டா போதுமா, மோதிப் பார்க்க வேண்டாமா என்ற வாதம் அன்றே எழுந்தது. இன்னும் முடியவில்லை.

அந்த வாதத்துக்குக் கனோ ஜிகோரோ தந்த விடையை நான் பெரிதும் மதிக்கிறேன். வெறுங்கைப் போர்க்கலையான ஜுஜுத்சுவின் தென்ஜின் ஷின்யோ ரியூ, கித்தோ ரியூ என்ற இரு பள்ளிகளில் பயின்ற அவர், 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் கோடோகானைத் தொடங்கினார். அங்கே பிறந்ததுதான் ஜூடோ. தடையற்ற மோதலை அவர் முன்னிறுத்தினாலும் கட்டாவைக் கைவிடவில்லை. எறிமுறைகளின் இலக்கணமாக 15 எறிகளைக் கோத்து 'நாகே நோ கட்டா' அமைத்தார். கவசம் பூண்ட வீரர்கள் கட்டிப் புரளும் கித்தோ ரியூ வரிசைகளையும், போர்க்களத்தில் அவற்றுக்கு வேலையில்லாத காலத்தில், 'கோஷிகி நோ கட்டா'வாகக் காப்பாற்றி வைத்தார்.

தர அளவும் அவரால் மாறியது. பழைய பள்ளிகள் படிப்படியாக உரிமச் சுருள்களை அளித்தன. கடைசிச் சுருளான 'மென்க்யோ கைதென்' முழு மரபையும் ஒப்படைத்ததற்குச் சான்று. அதைப் பெற்றவர் மிகச் சிலர். 1883இல் கனோ இரு மாணவர்களுக்கு முதல் 'டான்' படியை வழங்கினார். மற்ற கலைகளும் அந்த ஏணியை எடுத்துக்கொண்டன. மூங்கில் வாள் கலையான கெண்டோவில் அதன் உச்சி கடுமையானது: 8ஆம் டான் தேர்வில் நிற்க 46 வயது நிறைந்திருக்க வேண்டும், 7ஆம் டான் பெற்றுப் 10 ஆண்டு கழிந்திருக்க வேண்டும். நூறு பேர் நின்றால் தேறுபவர் ஏறக்குறைய ஒருவர். அங்கும் கட்டா உண்டு. பல பள்ளிகளின் ஆசான்கள் கூடி 1912இல் வகுத்த 10 வரிசைகள் அவை. 7 நீள்வாளுக்கு, 3 குறுவாளோடு.

வில்வித்தையான கியூதோவில் 28 மீட்டர் தொலைவில் 36 சென்டிமீட்டர் இலக்கு. எய்தலும் வகுத்த வரிசைதான்: கால் ஊன்றுவது முதல் அம்பு போன பின்னும் குலையாமல் நிற்பது வரை எட்டு நிலைகள். எட்டாவது நிலையையும் தேர்வாளர் பார்க்கிறார்.

கராத்தேயின் கதை வேறு. ஒகினாவாத் தீவில் வளர்ந்த அதன் கட்டாவில் எதிராளி கண்ணுக்குத் தெரிவதில்லை. மாணவன் தனியே காற்றோடு போராடுகிறான். அங்கே ஆசானாக இருந்த இத்தோசு அங்கோ பள்ளிப் பிள்ளைகளுக்கென ஐந்து பினான் கட்டாக்களை அமைத்தார். 1922இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டிய ஃபுனாகோஷி கிச்சின் அவற்றுக்கு ஹெயான் என்று பெயரிட்டார். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடவர் கட்டா தங்கத்தை ஒகினாவாவின் கியூனா ரியோ வென்றார். அந்த வேகமும் நிதானமும் என்னை உறைய வைத்தன. ஆனால் பதக்கத்துக்காகக் கட்டா பழகும் சிறுவர்களிடம் கை வேகமாகப் பறக்கிறதே தவிர, எதிரே யார் என்ற நினைவு இருப்பதில்லை. தோற்றுக் கொடுக்க ஆளில்லாத இடத்தில் நேரும் இழப்பு இது. அசைவுகளைப் பிரித்துப் பொருள் சொல்லும் 'புங்காய்' அதற்கு மருந்து. அதைச் சொல்லித்தராத வகுப்பு பாதிதான் கற்பிக்கிறது.

இம்மலரைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். கறுப்புப் பட்டையோடு வரும் 'ஷோடான்' என்ற சொல்லுக்குத் தொடக்கப் படி என்றுதான் பொருள். பட்டை எப்போது கிடைக்கும் என்று ஆசானைக் கேட்பதற்கு முன், உங்கள் பிள்ளை கையை உயர்த்தித் தடுக்கும் அந்த இடத்தில் எதிரே நிற்பவன் என்ன செய்கிறான் என்று கேளுங்கள். விடை தெரிந்த ஆசான், அங்கேயே எதிரே வந்து நின்று காட்டுவார்.