தோற்கும் அணியில் ஓர் இடம்

2012 ஏப்ரல் கடைசி வாரம். லாஸ் ஏஞ்சலிஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் அணி ஆடிய 20 ஆட்டங்களில் 14ஐத் தோற்றிருந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில்தான் ஆல்பர்ட் புஹோல்ஸைப் பத்து ஆண்டு ஒப்பந்தத்தில், 24 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார்கள். அவர் மட்டையிலிருந்து இன்னும் ஒரு ஹோம் ரன்கூட வரவில்லை. ஏப்ரல் 27 அன்று நிர்வாகம் 38 வயது பாபி அப்ரேயுவை அணியிலிருந்து விடுவித்துவிட்டு, மைனர் லீக்கிலிருந்து 20 வயதுப் பையன் ஒருவனை வரவழைத்தது. பெயர் மைக் ட்ரவுட். அதன் பிறகு ஆடிய 142 ஆட்டங்களில் அந்த அணி 83இல் வென்றது. ட்ரவுட் 30 ஹோம் ரன் அடித்தார், 49 முறை பேஸ் திருடினார், ஆண்டின் சிறந்த புதுமுகம் என்ற விருதையும் வாங்கினார்.

தோற்கும் அணி முதியவர்களை வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும்போதெல்லாம் ரசிகர்கள் எடுத்து நீட்டுகிற கதை இது. கிழவரை அனுப்பு, பையனை இறக்கு, எல்லாம் சரியாகிவிடும். கதையில் பொய் இல்லை. ஆனால் இரண்டு செய்திகளை அது விழுங்கிவிடுகிறது. இதே ட்ரவுட் முந்தைய ஆண்டு 40 ஆட்டங்கள் ஆடி, .220 என்ற சொற்ப சராசரியோடு நின்றவர். அவரைச் சேர்த்த பிறகும் 2012இல் ஏஞ்சல்ஸ் பிளேஆஃப் பக்கம் போகவில்லை.

கிரிக்கெட்டில் ஊறியவர்களுக்கு இந்த விவாதத்தின் எடை சட்டென்று பிடிபடாது. மேஜர் லீக்கில் ஓர் அணி ஆண்டுக்கு 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அன்றாடம் களமிறங்கும் பேட்டருக்கு ஏறத்தாழ 600 முறை மட்டையோடு நிற்கும் வாய்ப்பு கிடைக்கும். வெல்லும் அணி அந்த 600ஐயும் இன்றைய வெற்றிக்குச் செலவிடும். தோற்கும் அணிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காசு, ரசிகர், நம்பிக்கை எல்லாம் வற்றிப்போன அணியிடம் மிச்சம் இருக்கும் ஒரே முதல் அந்த 600தான். அதை யாரிடம் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

வயதுக் கணக்கில் பெரிய மர்மம் இல்லை. பேட்டர்களின் உச்ச வயது 27 சுற்றுவட்டாரம் என்று பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் 1982லேயே எழுதிவிட்டார். முன்னே பின்னே ஓரிரண்டு ஆண்டு என்று பிறகு வந்தவர்கள் திருத்தினார்களே தவிர, 36இல் ஒருவர் மேலேறுவார் என்று யாரும் சொல்லவில்லை. பிறகு ஏன் அணிகள் முதியவர்களையே நம்புகின்றன? பயம் ஒரு காரணம். மேலாளருக்கு ஓராண்டு ஒப்பந்தம்தான் மிச்சம் என்றால், இரண்டு ஆண்டு கழித்துப் பழுக்கப்போகும் பையனால் அவருக்கு என்ன லாபம்? .240 அடிக்கிற முதியவர் தோற்றால் அவர்மேல் பழி விழும். .190 அடிக்கிற பையன் தோற்றால் இறக்கியவர் தலைமேல் விழும். இதை மேலாளரின் கோழைத்தனம் என்று திட்டுவது எளிது. அந்த நாற்காலியில் நானும் அதையேதான் செய்திருப்பேன்.

இன்னொரு காரணம் ஏற்கெனவே எழுதிக்கொடுத்த காசோலை. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். பேஸ்பால் முதலாளிகள் அளந்து போட்டுவிட்டு, அளவு நினைவிலிருப்பதாலேயே ஆற்றுக்குள் இறங்கித் தேடுகிறார்கள். பால்டிமோர் ஓரியோல்ஸ் 2016இல் கிறிஸ் டேவிஸுக்கு ஏழு ஆண்டுக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. 2018இல் அவர் சராசரி .168. போதிய வாய்ப்பு பெற்ற பேட்டர்களின் வரலாற்றிலேயே அதைவிடத் தாழ்ந்த எண் கிடையாது. அந்த ஆண்டு அணி 115 ஆட்டங்களில் தோற்றது. 2018 இறுதியில் தொடங்கி 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 முறை அவருக்கு ஒரு ஹிட்கூட விழவில்லை. ஆனாலும் பெயர்ப் பட்டியலில் அவர் இருந்தார். ஆடினாலும் ஆடாவிட்டாலும் போன பணம் போனதுதான் என்ற சின்னக் கணக்கை ஒப்புக்கொள்ள அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு ஆண்டுகள் பிடித்தன.

புஹோல்ஸ் கதையும் இதுதான், கொஞ்சம் மரியாதையோடு. 2017இல் அவர் தன் 600ஆவது ஹோம் ரன்னை அடித்தார். அதே ஆண்டு சராசரி .241. அவர் இருந்த பத்து சீசன்களில் ஏஞ்சல்ஸ் ஒரே ஒருமுறை, 2014இல், பிளேஆஃப் போய் மூன்று ஆட்டங்களையும் தோற்றுத் திரும்பியது. 2021 தொடக்கத்தில் முதல் பேஸில் அவர் நின்றதால், அந்த இடத்துக்கே உரிய ஜாரெட் வால்ஷ் பல நாள் ரைட் ஃபீல்டில் ஓடிக்கொண்டிருந்தார். மே மாதம் புஹோல்ஸை அனுப்பினார்கள். வால்ஷ் அந்த ஆண்டே ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வானார்.

இதோடு நிறுத்தினால் இளைஞர் கட்சிக்கு முழு வெற்றி. ஆனால் 2022இல், 42 வயதில், பழைய செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கே திரும்பிய புஹோல்ஸ் 24 ஹோம் ரன் அடித்து 703இல் முடித்தார். மாயம் ஒன்றுமில்லை. அங்கே அவரை அன்றாடம் களமிறக்கவில்லை. இடதுகைப் பிட்சர்கள் வரும் நாள்களையே பெரும்பாலும் அவருக்கு ஒதுக்கினார்கள். முதியவருக்குக் குறுகலான வேலை கொடுத்தால் அதில் அவர் இன்னும் கூர்மை. அகலமான வேலையைக் கொடுக்கும்போதுதான் அணியும் அவரும் சேர்ந்து மூழ்குகிறார்கள். பையனுக்கு இது நேர்த்தலைகீழ்: வாரத்துக்கு இரண்டு ஆட்டம் கொடுத்து உட்காரவைத்தால் அவன் கற்பது ஒன்றுமில்லை.

ஆகவே நான் கேட்கும் கேள்வி சின்னது. அந்த முதியவர் நிற்கும் அதே இடத்துக்கு, அதே நாளில், தகுதியான ஒருவன் காத்திருக்கிறானா? டெட்ராய்ட் டைகர்ஸின் மிகேல் கப்ரேராவை எடுத்துக்கொள்வோம். 2016 முதல் 2023 வரை நீண்ட 24.8 கோடி டாலர் ஒப்பந்தம். நடுவில் 2019இல் அணி 114 தோல்வி. கணக்குப் புத்தகப்படி பேரழிவு. ஆனால் கடைசி ஆண்டுகளில் அவர் பெரும்பாலும் பீல்டிங் இல்லாமல் பேட் மட்டும் பிடிக்கும் டெசிக்னேட்டட் ஹிட்டராகவே இருந்தார். முதல் பேஸ், புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் 2020 டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த ஸ்பென்சர் டோர்கெல்சனுக்குப் போயிற்று. 2022 ஏப்ரல் 23 அன்று கப்ரேரா 3,000ஆவது ஹிட்டை அடித்தபோது, தோற்றுச் சலித்த ஊருக்கு மைதானம் வர ஒரு காரணம் இருந்தது. யாருடைய இடத்தையும் பிடுங்காமல் கிடைத்த அந்த நாளை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டோர்கெல்சனோ அந்த ஜூலையில் ஃபார்ம் இழந்து மைனர் லீக் திரும்பினார். மறு ஆண்டு 31 ஹோம் ரன் அடித்தார்.

‘பையன்களுக்கு வழிகாட்ட மூத்தவர் வேண்டும்’ என்ற வாதத்தில் எனக்கு அரை நம்பிக்கைதான். உடைமாற்றும் அறையில் நடப்பதை எந்தப் புள்ளிவிவரமும் அளப்பதில்லை. அதனாலேயே அது எல்லா மோசமான ஒப்பந்தங்களுக்கும் வசதியான சாக்காகிவிட்டது. மூத்தவர் கற்றுத்தருகிறார், சரி, எதை? 2017 ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணியில் இளைஞர்களுக்கு ஆசானாக இருந்தவர் என்று 40 வயது கார்லோஸ் பெல்ட்ரானைப் புகழ்ந்தார்கள். எதிரணி கேட்சரின் சைகைகளைக் கேமரா வழியாகத் திருடிய அந்த அணியின் மோசடி பற்றி 2020 ஜனவரியில் லீக் வெளியிட்ட அறிக்கையில், பெயர் சொல்லப்பட்ட ஆட்டக்காரர் அவர் ஒருவரே.

இனி மறுபக்கம். இளமையை நம்பச் சொல்பவர்கள் டேவிட் க்ளைடை மறந்துவிடுகிறார்கள். 1973இல் டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அடிமட்டத்தில் கிடந்தது. அந்த ஆண்டு 105 தோல்வி. மைதானத்துக்கு ஆள் வருவதில்லை. ஜூன் மாத டிராஃப்டில் 18 வயதுப் பள்ளிக்கூடப் பிட்சரை முதல் ஆளாக எடுத்தார்கள். மைனர் லீக்கில் ஒரு நாள்கூடப் பழக்காமல், ஜூன் 27 அன்று நேராக மேடேற்றினார்கள். 35,000க்கு மேல் கூட்டம். ஐந்து இன்னிங்ஸில் எட்டுப் பேரை வீழ்த்தினான், ஏழு பேரை வாக் கொடுத்து பேஸுக்கு அனுப்பினான், அணி வென்றது. எட்டும் ஏழும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்த எந்தப் பயிற்சியாளரும் பையன் இன்னும் காயாகத்தான் இருக்கிறான் என்று சொல்லியிருப்பார். ஆனால் டிக்கெட் கவுண்டர் வேறு சொன்னது. இரண்டொரு ஆட்டத்துக்குப் பிறகு கீழே அனுப்பிப் பக்குவப்படுத்தலாம் என்றிருந்த பேச்சு காற்றில் போயிற்று. 18 வெற்றி, 33 தோல்வி என்ற கணக்கோடு 24 வயதில் அவனுடைய மேஜர் லீக் வாழ்க்கை முடிந்தது.

க்ளைடின் கதை பேட்டருக்கு அப்படியே பொருந்தாது. 2024 ஏப்ரலில் ஓரியோல்ஸ் 20 வயது ஜாக்சன் ஹாலிடேயை இறக்கியது. 34 முறைக்கு இரண்டே ஹிட். கீழே அனுப்பினார்கள், ஜூலை இறுதியில் திரும்பி வந்தார். அடிபட்டது அவர் மானம் மட்டும்தான். பிட்சரின் தோள் அப்படியல்ல, கிழிந்தால் கிழிந்ததுதான். 162 ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் வீதம் ஓராண்டில் ஏறத்தாழ 1,450 இன்னிங்ஸை யாராவது வீசித்தான் தீர வேண்டும், அணி ஜெயித்தாலும் தோற்றாலும். அந்தச் சுமையை 21 வயதுக் கைகளில் ஏற்றுவதைவிட, பெரிய பெயர் இல்லாத 34 வயதுக் கைகளில் ஏற்றுவதே மேல். தோற்கும் அணி மைதானத்தில் பையன்களையும் பிட்சர் மேட்டில் முதியவர்களையும் வைக்க வேண்டும் என்பது என் கட்சி. இதிலும் ஓட்டை உண்டு. 2025இல் இதே ஓரியோல்ஸ் தன் இளம் படைக்கு முட்டுக்கொடுக்க 41 வயது சார்லி மார்ட்டனை 1.5 கோடி டாலருக்கு வாங்கியது. அவர் தொடக்கத்திலேயே தோல்விகளாகக் குவித்தார். 2023இல் 101 ஆட்டங்களில் வென்ற அணி 75 வெற்றியோடு முடித்தது.

முதியவருக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. சொன்னால் சந்தை வாடை அடிக்கும். 2013இல் சிகாகோ கப்ஸ் ஸ்காட் ஃபெல்ட்மன் என்ற நடுத்தரப் பிட்சரை ஓராண்டுக்கு எடுத்தது. ஜூலையில் அவர் கொஞ்சம் நன்றாக வீசிக்கொண்டிருந்தபோதே பால்டிமோருக்குக் கொடுத்து, அங்கே தடுமாறிக்கொண்டிருந்த ஜேக் அரியெட்டாவையும் பெட்ரோ ஸ்ட்ராப்பையும் வாங்கியது. 2015இல் அரியெட்டா சிறந்த பிட்சருக்கான சை யங் விருது பெற்றார். 2016இல் கப்ஸ் 108 ஆண்டுக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ் வென்றது.

ஆனால் ‘இளைஞருக்கு வழிவிடு’ என்ற முழக்கத்தின் பெரிய ஊனம் மைதானத்தில் இல்லை, கணக்கர் அறையில் இருக்கிறது. மேஜர் லீக்கில் 172 நாள் இருந்தால் ஓராண்டு சேவை. ஆறு ஆண்டு ஆனால் ஆட்டக்காரர் விரும்பிய அணிக்குப் போகலாம். சீசனோ சுமார் 187 நாள். எனவே பையனை முதல் இரண்டு வாரம் கீழேயே வைத்திருந்தால் அணிக்கு ஓர் ஆண்டு இலவசம். 2015 பயிற்சி ஆட்டங்களில் ஒன்பது ஹோம் ரன் அடித்த கிரிஸ் பிரையன்ட்டை, பீல்டிங் தேற வேண்டும் என்று சொல்லி கப்ஸ் கீழே அனுப்பியது. ஏப்ரல் 17 அன்று பீல்டிங் தேறிவிட்டது. அந்த ஆண்டு அவர் கணக்கில் சேர்ந்த நாள்கள் 171. அவர் வழக்காடி, 2020இல் தோற்றார். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் செய்துகொண்ட 2022 ஒப்பந்தத்தில் இந்தத் தந்திரத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட்டார்கள்: சிறந்த புதுமுகத் தேர்வில் முதல் இரண்டு இடம் பிடிப்பவருக்கு முழு ஆண்டுச் சேவை, முழு ஆண்டும் ஆடவிடும் அணிக்குக் கூடுதல் டிராஃப்ட் வாய்ப்பு கிடைக்க வழி.

இளைஞர்களை நம்பித் தோல்வியைப் பொறுத்துக்கொண்ட ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013இல் முறையே 106, 107, 111 ஆட்டங்களைத் தோற்றது. 2013 செப்டம்பரில் ஓர் ஆட்டத்துக்கு ஹூஸ்டன் நகரில் நீல்சன் தந்த தொலைக்காட்சி மதிப்பீடு 0.0, வர்ணனையாளர்களின் வீட்டார்கூடப் பார்க்கவில்லை போலும். 2017இல் கோப்பை வந்ததும் எல்லோரும் அதைப் பாடமாக எடுத்துக்கொண்டார்கள். அதே பாடத்தைப் படித்து, 2016 இறுதியில் நட்சத்திரப் பிட்சர் கிறிஸ் சேலை விற்று இளைஞர்களைச் சேர்த்த சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2020, 2021இல் பிளேஆஃப் போனது. 2024இல் 121 ஆட்டங்களைத் தோற்று நவீன காலத்தின் மிக மோசமான எண்ணிக்கையைத் தொட்டது.

அதற்கு முன் அந்த அவப்பெயர் 1962 நியூயார்க் மெட்ஸுடையது. புதிதாகப் பிறந்த அந்த அணி, ஊருக்குத் தெரிந்த பழைய முகங்களாகப் பொறுக்கி எடுத்தது. ரிச்சி ஆஷ்பர்ன், முழங்கால் போன முதல் பேஸ்காரர் கில் ஹாட்ஜஸ். அணியின் வரலாற்றில் முதல் ஹோம் ரன் ஹாட்ஜஸுடையது. தோல்வி 120. சீசன் முடிகிற நேரத்தில் எட் கிரேன்பூல் என்ற 17 வயது முதல் பேஸ்காரனையும் இறக்கிப் பார்த்தார்கள். அவசரப்பட்டு ஏற்றிய அந்தப் பையன் பெரிய நட்சத்திரம் ஆகவே இல்லை, ஆனால் போகவும் இல்லை.

1969இல் மெட்ஸின் மேலாளர் ஹாட்ஜஸ். பிட்சர்கள் சீவர், கூஸ்மன் இருவரும் இருபதுகளில். ஜூன் 15 அன்று, அந்த ஆண்டு 110 ஆட்டம் தோற்கப்போகும் மான்ட்ரியல், தன் மூத்த முதல் பேஸ்காரர் டான் கிளெண்டினனை மெட்ஸுக்கு விற்று, ஸ்டீவ் ரெங்கோ உள்ளிட்ட இளைஞர்களை வாங்கியது. இடதுகைப் பிட்சர் வந்தால் கிளெண்டினன், வலதுகை வந்தால் கிரேன்பூல் என்று ஹாட்ஜஸ் ஒரே இடத்தைப் பிரித்துக் கொடுத்தார். அக்டோபரில், 109 வெற்றிகளோடு வந்த பால்டிமோருக்கு எதிரான வேர்ல்ட் சீரிஸில், 24 வயது கிரேன்பூல் ஒரே ஆட்டத்தில் இறங்கி ஒரு ஹோம் ரன் அடித்தார். 34 வயது கிளெண்டினன் மூன்று அடித்துத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஏழு ஆண்டுக்கு முன் அந்த முதல் பேஸில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவர், டக்அவுட்டில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.