வாயில் என்னும் சொல்

அகப்பொருள் கற்கும் மாணவரை மயங்க வைக்கும் சொற்களுள் 'வாயில்' ஒன்று. ஊடியிருக்கும் தலைவியின் சினந்தணிக்கத் தலைவன் பொருட்டு வருவோரை அச்சொல் குறிக்கும். 'தூதுவர்' என்று பொருள் எழுதிக் கடந்துவிடுதல் எளிது. ஆயினும் அது பொருந்தாது.

'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி 'வாயில்' ஆயிற்று. இலக்கணப் போலிக்கு ஆசிரியர் வழக்கமாகக் காட்டும் சான்று இதுவே. இல்லத்துள் புகும் வழியின் பெயர், அவ்வழியாய் அமையும் ஆளுக்கும் ஆகிவந்தது. 'வானொலி வாயிலாக' என்று இன்றும் வழங்குகிறோம் அன்றோ?

தொல்காப்பியர் கற்பியலில் வாயில்கள் பன்னிருவரை எண்ணுகிறார். தோழி, பாணன், விறலி முதலியோர் பேச வல்லவர். அவர்களைத் தூதுவர் என்பது ஒருவாறு ஒக்கும். ஆனால் அவ்வரிசையில் விருந்தினரும் உளர். விருந்தினர் யார் விடுத்த தூது? நற்றிணை 120-ஆம் பாட்டில் மாங்குடி கிழார் காட்டும் தலைவி அடுக்களையில் மீன் சமைக்கிறாள். புகை படிந்து கண் சிவந்திருக்கிறது. கணவன்மேல் சினமும் இருக்கிறது. விருந்து வந்தால் அவள் முறுவலைக் காணலாமே என்று தலைவன் ஏங்குகிறான். அவ்விருந்தினர் அவள் ஊடலை அறிய வேண்டுவதில்லை. அதுபற்றி ஒரு சொல் உரைக்கவும் வேண்டுவதில்லை. அவர் உள்ளே வருவதே போதும், அவரோடு தலைவனும் புகுந்துவிடுவான். தூது என்னும் சொல்லில் இந்நயம் அடங்குமா?

பாயா ரும்புட்டில் வளரும் நம் பிள்ளைகளுக்கு மலாய்மொழி நன்கு பழக்கம். அதில் ஊடிக்கொள்வது 'மெராஜுக்', ஊடியவரைத் தேற்றுவது 'புஜுக்', தேற்றுபவர் 'பெமுஜுக்'. வகுப்பில் இதனை ஒப்பிட்டுக் காட்டலாம். மலாய்ச்சொல் செயலினின்று பிறந்தது. தேற்றுபவரின் திறத்தை முன்னிறுத்துகிறது. தமிழிலும் 'தணிப்போர்' என்று ஆக்கியிருக்கலாம். நம் முன்னோரோ வீட்டின் ஓர் இடத்தையே பெயராக்கினர். திறப்பதும் அடைப்பதும் உள்ளிருப்பவள் உரிமை என்பது அப்பெயரிலேயே அமைந்துவிட்டது.

'வாயில் நேர்தல்', 'வாயில் மறுத்தல்' என்னும் துறைகளை இவ்வாறு நோக்கினால் தெளிவு பிறக்கும். மருதப் பாடல்களில் பாணன் எத்துணை இனிக்கப் பேசினும் பொய்யன் எனக் கடியப்படுகிறான். அவன் நாவன்மை அங்கே செல்லாது. தோழியுங்கூடச் சில இடங்களில் தலைவியின் பக்கம் நின்று மறுத்துரைக்கிறாள். துறைக்குறிப்பில் 'வாயில் மறுத்தது' என வருமிடத்தில் 'தூதினை ஏற்கவில்லை' என்று உரை எழுதினால், கதவைச் சாத்தியவள் யார் என்பதே மாணவனுக்குப் புலப்படாமற் போகும்.